மாலத்தீவுப் பயணம்: அறைக்கு முன்னால் படகைப் பாருங்கள்

மாலத்தீவு போக நினைக்கும் பலரும் முதலில் தேடுவது தண்ணீருக்கு மேல் கட்டிய அந்த மர வில்லாவின் வாடகையைத்தான். விலையைப் பார்த்ததும் சிலர் 'நமக்குக் கட்டுப்படியாகாது' என்று விட்டுவிடுகிறார்கள். வேறு சிலர் தள்ளுபடியில் ஏதோ ஒரு தீவில் அறையைப் பிடித்துவிடுகிறார்கள். விமான நிலையத்திலிருந்து அங்கே போய்ச் சேர மட்டும் ஆயிரம் டாலர் ஆகும் என்பது அப்புறம்தான் தெரிகிறது. இரண்டு தரப்புமே தொடங்க வேண்டிய இடத்தில் தொடங்கவில்லை.

இந்த நாட்டில் ஏறக்குறைய 1,200 தீவுகள். வடக்கிலிருந்து தெற்காக 800 கிலோமீட்டருக்கும் மேல், 26 பவள வளையங்களாகச் சிதறிக் கிடக்கின்றன. அட்டோல் என்று சொல்வது இந்த வளையங்களைத்தான். மக்கள் குடியிருக்கும் தீவுகள் 200-ஐத் தொடாது. சாலை வழியாக ஒரு தீவிலிருந்து இன்னொன்றுக்குப் போவது ஒருசில இடங்களில் மட்டுமே முடியும். மற்ற எல்லாமே கடல் வழி, இல்லையென்றால் வான் வழி. அதனால் திட்டமிடும் வரிசை இதுதான்: மாதம், தீவு, போக்குவரத்து, கடைசியில் அறை.

முதலில்: ரிசார்ட்டா, ஊர்த்தீவா?

மாலத்தீவில் சுற்றுலா 1972-இல் ஒரே ஒரு ரிசார்ட்டோடு தொடங்கியது. 'ஒரு தீவு, ஒரு ரிசார்ட்' என்பதுதான் அப்போதிருந்து நடைமுறை. ஊர்மக்கள் வசிக்கும் தீவுகளில் விருந்தினர் இல்லங்கள் பெருகியது 2009-க்குப் பிறகு சட்டம் தளர்ந்ததும்தான். இந்த மாற்றம்தான் நடுத்தர வருமானக்காரர்களுக்கு நாட்டைத் திறந்துவிட்டது. ஊர்த்தீவில் காலை உணவோடு ஓர் இரவுக்கு 60 முதல் 100 டாலருக்குள் சுத்தமான, குளிர்சாதன அறை கிடைக்கும். ரிசார்ட்டில் அந்தப் பணம் சில சமயம் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கே சரியாகிவிடும்.

வித்தியாசம் பணத்தில் மட்டும் இல்லை. ஊர்த்தீவில் மது கிடையாது. நீச்சலுடையில் குளிக்க 'பிகினி பீச்' என்று தனியாக ஒரு கடற்கரையை ஒதுக்கியிருப்பார்கள். மற்ற இடங்களில் தோளும் முழங்காலும் மறைய உடுத்த வேண்டும். அதற்கு ஈடாக நிஜமான ஊர் ஒன்று கிடைக்கும்: பள்ளி விட்டு வரும் பிள்ளைகள், மாலையில் பந்தாட்டம், இரும்புச் சட்டத்தில் கயிற்று வலை கட்டிய ஜோலி நாற்காலிகளில் சாய்ந்து ஊர்வம்பு பேசும் பெரியவர்கள். ரிசார்ட்டில் கிடைப்பது தனிமையும் வாசலிலேயே நல்ல பவளப்பாறையும். எது வேண்டும் என்பது உங்கள் விருப்பம். தேனிலவுக்குப் போகிறவர்கள் ஊர்த்தீவில் நான்கு இரவு, கடைசியில் ரிசார்ட்டில் ஒரே ஒரு இரவு என்று பிரித்துக்கொண்டால் இரண்டையும் பார்த்த மாதிரி இருக்கும், பணமும் கரையாது. அந்த ரிசார்ட் மட்டும் விமான நிலையத்துக்கு ஸ்பீட்போட் தூரத்தில் இருக்க வேண்டும்.

மாதம்

இரண்டு பருவங்கள்தான். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வடகிழக்குக் காற்று வீசும். வானம் தெளிவாக, கடல் அமைதியாக இருக்கும், விலை உச்சத்தில் இருக்கும். மழை மிகக் குறைவது பிப்ரவரி, மார்ச்சில். மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குக் காற்று. மழை, அலை, மலிவு. 'மழைக்காலம்' என்றதும் ஒதுக்கிவிட வேண்டாம். பெரும்பாலும் ஒரு பாட்டம் கொட்டிவிட்டு வெயிலடிக்கும். ஆனால் தொடர்ந்து சில நாட்கள் காற்றும் மழையுமாக, படகே புறப்படாமல் போவதும் உண்டு. அந்த மாதங்களில் போகிறவர்கள் ஒரு நாளைக் கூடுதலாகக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மழைக்காலத்துக்கென்றே ஒரு காட்சி இருக்கிறது. பா அட்டோலில் ஹனிஃபாரு என்றொரு சிறிய குடா. புனல் போன்ற வடிவம் அதற்கு. தென்மேற்குப் பருவ நீரோட்டம் அடித்து வரும் மிதவை உயிரிகள் உள்ளே வந்து தேங்கிவிடும். அதைத் தின்ன மான்டா திருக்கைகள் கூட்டம் கூட்டமாக வரும். ஜூன் முதல் நவம்பர் வரை பருவம், ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை உச்சம், அதிலும் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீரோட்டம் வலுக்கும் நாட்களில் வாய்ப்பு அதிகம். நாட்காட்டியில் திதி பார்த்துத் தேதி குறிக்கலாம், தவறில்லை. பா அட்டோல் 2011-இல் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகமானது. இந்தக் குடாவில் சிலிண்டர் கட்டி மூழ்க அனுமதி கிடையாது. ஸ்நார்க்கல், அதாவது கண்ணாடியும் மூச்சுக்குழாயும் மாட்டி நீர்மட்டத்தில் மிதந்தபடி பார்ப்பது மட்டும்தான், அதுவும் உரிமம் பெற்ற வழிகாட்டியோடு, ஒரு குழுவுக்கு 45 நிமிடம்.

ரமலான் எப்போது வருகிறது என்பதையும் பாருங்கள். 2026, 2027 இரண்டிலும் அது பிப்ரவரி, மார்ச்சில், அதாவது நல்ல பருவத்தின் நடுவிலேயே விழுகிறது. ஊர்த்தீவுகளில் பகலில் உணவகங்கள் மூடியிருக்கும். விருந்தினர் இல்லத்துக்குள் சாப்பாடு தருவார்கள். தெருவில் தண்ணீர் பாட்டிலைத் திறப்பதுகூடச் சரியில்லை. பொழுது சாய்ந்ததும் ஊர் விழித்துக்கொள்ளும். அது பார்க்க வேண்டிய நேரம்தான். ஆனால் முதன்முறை, அதுவும் குழந்தைகளோடு போகிறவர்களுக்கு நான் அந்த மாதத்தைச் சொல்ல மாட்டேன்.

தீவைத் தேர்ந்தெடுப்பது

படங்களில் எல்லாத் தீவும் ஒரே மாதிரிதான் இருக்கும்: வெள்ளை மணல், நீலத் தண்ணீர், சாய்ந்த ஒரு தென்னை. அதனால் மணலைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். தண்ணீருக்குள் என்ன இருக்கிறது, அங்கே எப்படிப் போவது என்று கேளுங்கள்.

மாஃபுஷி தலைநகர் மாலேயிலிருந்து ஸ்பீட்போட்டில் முக்கால் மணி நேரத்துக்குள். அறைகள் ஏராளம், போட்டியால் சுற்றுப்பயணங்களும் மலிவு. ஆனால் கூட்டம். மூன்று நாள் விடுமுறைக்குச் சரி. அமைதி தேடிப் போகிறவர்களுக்கு ஏமாற்றம்.

திகுரா தெற்கு அரி அட்டோலில் நீண்டு ஒடுங்கிய தீவு. இதன் அருகிலேயே 2009-இல் அறிவிக்கப்பட்ட கடல் பாதுகாப்புப் பகுதி இருப்பதால், ஆண்டு முழுவதும் திமிங்கலச் சுறாவைப் பார்க்கும் வாய்ப்புள்ள இடம் இது. இங்கே தென்படுபவை பெரும்பாலும் வளரும் பருவத்து ஆண் சுறாக்கள். உடலிலிருந்து 3 மீட்டர், வாலிலிருந்து 4 மீட்டர் தள்ளியே நீந்த வேண்டும், தொடக் கூடாது. ஒன்று தென்பட்டதும் பத்துப் படகு ஒரே இடத்தில் வந்து மொய்ப்பதும் உண்டு. காலையில் முதல் ஆளாகக் கிளம்பும் படகைக் கேட்டுப் பிடியுங்கள். முதல் பயணம் என்றால் என் ஓட்டு திகுராவுக்குத்தான்.

தொட்டூ விவசாயத் தீவு. தர்ப்பூசணியும் பப்பாளியும் விளைகிறது. சைக்கிள் எடுத்துக்கொண்டு தோட்டங்களுக்கு நடுவே சுற்றலாம். குடும்பத்தோடு போகிறவர்களுக்கு மிகவும் ஏற்றது. அலைச்சறுக்குக்கு துலுஸ்தூ. சிறிய, நிதானமான ஊர் வேண்டுமென்றால் வாவு அட்டோலின் ஃபுலிதூ. ஹனிஃபாருவுக்குப் போக தரவந்தூவில் தங்கினால் போதும், விமான நிலையமே அங்கே இருக்கிறது.

ஆழ்கடல் மூழ்கலில் பழக்கமுள்ளவர்கள் தெற்கே பார்க்கலாம். நிலநடுக்கோட்டைத் தாண்டி ஃபுவாமுலா. ஒரே தீவே ஓர் அட்டோல். புலிச்சுறாவுக்குப் பெயர்போன இடம், நீச்சல் கற்றுக்கொள்கிற இடம் அல்ல. இன்னும் கீழே அட்டு. அங்கே கன் முதல் ஹிததூ வரை தீவுகள் சாலையால் இணைந்திருக்கின்றன. கன் தீவு 1976 வரை பிரிட்டிஷ் விமானப்படைத் தளமாக இருந்தது. கடலைப் பார்த்தே அலுத்துப்போனவர்களுக்கு சைக்கிளில் ஒரு நாள் முழுக்க ஓட்ட அங்கே தெரு இருக்கிறது.

ஒரு வாரத்துக்கு இரண்டு தீவுக்கு மேல் வைக்காதீர்கள். தீவு மாறும் ஒவ்வொரு முறையும் அரை நாள் போய்விடும். அந்த இரண்டும் ஒரே அட்டோலில் இருந்தால் நல்லது. வேறு வேறு அட்டோல் என்றால், வரைபடத்தில் பக்கத்தில் தெரிந்தாலும் மாலேக்குத் திரும்பி வந்து மறுபடி போக வேண்டியிருக்கலாம்.

போக்குவரத்து: பணமும் நேரமும் போகும் இடம்

வேலானா சர்வதேச விமான நிலையம் ஹுலுலே என்ற தனித்தீவில் இருக்கிறது. 2018-இல் திறந்த பாலம் அதை ஒரு பக்கம் மாலேயோடு இணைக்கிறது, மறுபக்கம் கடலை நிரப்பி உருவாக்கிய ஹுலுமாலேக்குச் சாலை இருக்கிறது. இதைத் தாண்டி எங்கே போவதானாலும் நான்கு வழிகள்.

மலிவானது அரசுப் படகு. சில டாலரில் மாஃபுஷி போய்விடலாம், ஒன்றரை மணி நேரம் ஆகும். வெள்ளிக்கிழமை ஓடாது, தொலைவான அட்டோல்களுக்கு தினமும் கிடையாது. பயணமே நோக்கம் என்பவர்களுக்கு அருமையான வழி, ஐந்து நாள் விடுமுறையில் வருகிறவர்களுக்கு அல்ல.

பெரும்பாலோர் பிடிப்பது பகிர்வு ஸ்பீட்போட். மாஃபுஷிக்கு ஒருவருக்கு 25 டாலர் அளவில், தெற்கு அரிக்கு அதைப்போல் இரண்டு மடங்கு. விருந்தினர் இல்லத்திடம் சொன்னால் அவர்களே இருக்கை போட்டு வைப்பார்கள். படகுத்துறையில் பெயர்ப்பட்டியலோடு ஒரு பையன் நிற்பான். ஏறும்போதே செருப்பைக் கழற்றச் சொல்லி ஒரு கூடையில் வாங்கிப் போட்டுக்கொள்வார்கள், பெட்டிகள் முன்னாலோ பின்னாலோ அடுக்கப்படும். பின் வரிசையில் உட்காருங்கள். முன் வரிசையில் படகு அலையில் குதிக்கும் ஒவ்வொரு முறையும் முதுகுத்தண்டு எண்ணிக்கொள்ளும். குமட்டல் வரும் உடம்பென்றால் மாத்திரையைப் புறப்படுவதற்கு முன்பே போட்டுவிட வேண்டும், கடலில் இறங்கிய பிறகு போட்டுப் பயனில்லை. தொலைவான தீவுகளுக்கு ஒரு நாளில் ஓரிரு நடைதான். உங்கள் விமானம் இறங்கும் நேரத்தையும் கடைசிப் படகின் நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். நடுவில் இரண்டு மணி நேரமாவது இருக்க வேண்டும். இல்லையென்றால் முதல் இரவு ஹுலுமாலேயில்தான்.

மூன்றாவது உள்நாட்டு விமானம். தெற்கு அரிக்கு மாமிகிலி, பா அட்டோலுக்கு தரவந்தூ, தெற்கே கன், ஃபுவாமுலா. உள்ளூர்க்காரர்களைவிட வெளிநாட்டவருக்குக் கட்டணம் அதிகம்.

நான்காவது, படங்களில் வரும் கடல்விமானம். செருப்பில்லாத காலோடு விமானி ஓட்டும் அந்தச் சின்ன விமானத்திலிருந்து அட்டோல்களைப் பார்ப்பது நிஜமாகவே அழகு. ஆனால் ரிசார்ட்டுக்குப் போக, வர ஒருவருக்கு 400 முதல் 600 டாலர் வரை ஆகும், பெரும்பாலும் 20 கிலோ பெட்டிதான் அனுமதி. அது பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். பிற்பகல் மூன்றரைக்கு மேல் மாலேயில் இறங்கும் விமானத்தைப் பிடித்தால், அன்றைய ரிசார்ட் வாடகையைக் கட்டிவிட்டு மாலேயில் தூங்க நேரிடும். டிக்கெட் மலிவு என்று மாலை விமானத்தை எடுப்பவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

இணையத்தில் காட்டும் அறை வாடகை முழு விலை அல்ல. சுற்றுலாப் பொருள்-சேவை வரி 2025 ஜூலையிலிருந்து 17 சதவீதம். பல இடங்களில் 10 சதவீதம் சேவைக் கட்டணமும் உண்டு. இதுபோக 'பசுமை வரி' தலைக்கு, நாளுக்கு: ஊர்த்தீவில் 50 அறைகளுக்கு மிகாத விருந்தினர் இல்லம் என்றால் 6 டாலர், ரிசார்ட்டும் பெரிய ஹோட்டலும் என்றால் 12 டாலர். இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு இல்லை.

இருவர், ஐந்து இரவு, அறை 80 டாலர் என்று வைத்துக்கொள்வோம். வாடகை 400. சேவைக் கட்டணம் 40. இரண்டுக்கும் சேர்த்து வரி 74 டாலர் 80 சென்ட். பசுமை வரி 60. ஆக 575 டாலர். தெற்கு அரிக்கு ஸ்பீட்போட் போக, வர இருவருக்கும் 200 என்று சேர்த்தால் 775. அதே இருவரும் கடல்விமானம் உள்ள ரிசார்ட்டுக்குப் போனால், படுக்கையில் உட்காருவதற்கு முன்னாலேயே ஆயிரம் போயிருக்கும். அறையைப் பிடிக்கும் முன் வரிகள் சேர்ந்த விலையா, போக்குவரத்துச் சேர்ந்த விலையா என்று இரண்டையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

விமான டிக்கெட்டிலும் ஒன்று ஒளிந்திருக்கிறது. மாலேயிலிருந்து புறப்படும் வெளிநாட்டவருக்கு எகானமி வகுப்பில் வெளியேறும் வரி 50 டாலர், விமான நிலைய மேம்பாட்டுக் கட்டணம் 50 டாலர். 2024 டிசம்பரிலிருந்து இந்தக் கணக்கு. டிக்கெட் விலையிலேயே சேர்ந்துவிடும்.

உள்ளூர்ப் பணம் ருஃபியா, ஒரு டாலருக்கு 15.42 என்ற அளவில் நிலையாக இருக்கிறது. விருந்தினர் இல்லம், படகு, சுற்றுப்பயணம் எல்லாம் டாலரில் நடக்கும். கடை, தேநீர், அரசுப் படகு இவற்றுக்கு ருஃபியா போதும். கிழியாத, கசங்காத டாலர் நோட்டுகளைச் சிறிய தொகைகளாகக் கொண்டுபோங்கள். ருஃபியாவை நாட்டுக்கு வெளியே யாரும் மாற்றித் தர மாட்டார்கள்.

ஆவணங்களும் பெட்டியும்

இஸ்ரேல் பாஸ்போர்ட்டுக்கு 2025 ஏப்ரலிலிருந்து தடை; மற்றபடி எந்த நாட்டுச் சுற்றுலாப் பயணிக்கும் வந்திறங்கியதும் 30 நாள் விசா இலவசம். பாஸ்போர்ட், திரும்பும் டிக்கெட், தங்கும் இடத்தின் முன்பதிவு இவற்றைக் கேட்பார்கள். பாஸ்போர்ட்டில் ஆறு மாதம் மிச்சமிருந்தால் விமான நிறுவனத்தோடும் சச்சரவு வராது. பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் 'இமூகா' என்ற அரசுத் தளத்தில் பயணி அறிவிப்புப் படிவத்தை நிரப்ப வேண்டும். இது முற்றிலும் இலவசம். அதே பெயரைக் காட்டிப் பணம் கேட்கும் தளங்கள் இருக்கின்றன, அவற்றில் கார்டு எண்ணைத் தட்டாதீர்கள். மஞ்சள் காய்ச்சல் பரவும் நாடுகளின் வழியாக வருகிறவர்களுக்குத் தடுப்பூசிச் சான்றிதழ் தேவை.

பெட்டியில் வைக்கக் கூடாதவை: மது (விமான நிலையக் கடையில் வாங்கியதும் சேர்த்தி), பன்றி இறைச்சி, ஆபாசப் பொருட்கள். வழிபாட்டுக்கான சிலைகளுக்கும் தடை உண்டு, பையில் வழித்துணையாக வரும் சின்னப் பிள்ளையாரை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். மின் சிகரெட்டுக்கு 2024 இறுதியிலிருந்து முழுத்தடை. 2007 ஜனவரி 1 முதல் பிறந்தவர்கள் புகைபிடிக்கவே கூடாது என்ற சட்டம் 2025 நவம்பரில் வந்தது, பயணிகளுக்கும் அது பொருந்தும். ட்ரோனுக்கு முன்அனுமதி வேண்டும்.

வைக்க வேண்டியவை: முகத்துக்குச் சரியாகப் பொருந்தும் சொந்த ஸ்நார்க்கல் கண்ணாடி (வாடகைக் கண்ணாடி நீர் கசிந்தால் அந்த நாளே வீண்), முழுக்கை நீச்சல் சட்டை, பவளத்தைக் கெடுக்காத சன்ஸ்கிரீன், தண்ணீர் புகாத பை, மூன்று சதுரமுனை பிளக். முதுகு வெயிலில் வேகுவது தண்ணீருக்குள் இருக்கும்போது தெரியாது, இரவில்தான் தெரியும். பயணக் காப்பீடு கட்டாயமில்லை என்றாலும் எடுங்கள். தொலைதூரத் தீவிலிருந்து ஒரு நோயாளியை மாலேக்குக் கொண்டுவருவதே பெரிய செலவு.

அங்கே போனதும்

சிம் கார்டு விமான நிலையத்திலேயே வாங்கிவிடலாம், திராகு அல்லது ஊரிடூ. கடிகாரத்தைப் பாருங்கள்: சில ரிசார்ட்டுகள் மாலே நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகத் 'தீவு நேரம்' என்று தனியாக வைத்திருக்கும். படகு நேரம் சொல்லும்போது எந்த நேரம் என்று கேளுங்கள். வார விடுமுறை வெள்ளியும் சனியும். வெள்ளி நண்பகல் தொழுகை நேரத்தில் கடைகள் அடைத்திருக்கும்.

சாப்பாட்டில் நம்மவர்களுக்குச் சிரமமில்லை, மீன் சாப்பிடுகிறவர்களாக இருந்தால். இலங்கைச் சமையலில் சம்பலுக்குப் போடும் மாசி, அதாவது உலர்த்திய சூரை மீன், இந்தக் கடலிலிருந்து போனதுதான். காலையில் மஸ் ஹுனி: உதிர்த்த சூரை மீன், துருவிய தேங்காய், வெங்காயம், மிளகாய், எலுமிச்சை எல்லாம் கையால் பிசைந்து, சூடான ரோஷி ரொட்டியோடு. மதியத்துக்கு கருதியா, தெளிந்த மீன் சாறு. சோற்றில் ஊற்றி எலுமிச்சை பிழிந்து சாப்பிடுவார்கள். மாலையில் தேநீரோடு ஹெதிகா எனும் பொரித்த பலகாரங்கள். சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள் விருந்தினர் இல்லத்துக்கு முன்பே எழுதிவிட வேண்டும். 'மீன் இல்லை' என்று தனியாகச் சொல்லுங்கள், ஏனென்றால் காய்கறி உணவிலும் மாசித்தூள் சேர வாய்ப்புண்டு.

கடலில் இறங்குவதற்கு முன் உள்ளூரில் ஒருவரிடம் நீரோட்டம் எந்தப் பக்கம் என்று கேளுங்கள். பவளப்பாறை வளையத்தில் கால்வாய் போன்ற இடைவெளிகள் இருக்கும்; நீர் ஏறி இறங்கும் நேரத்தில் அங்கே இழுப்பு பலமாக இருக்கும். நல்ல நீச்சல்காரர்களே திரும்ப முடியாமல் தவிப்பது அங்கேதான். நீச்சல் தெரியாதவர்கள் உயிர்காப்புச் சட்டையோடு ஸ்நார்க்கல் செய்யலாம், யாரும் சிரிக்க மாட்டார்கள். பவளத்தின் மேல் நிற்காதீர்கள்.

திரும்பும் நாள்

சிலிண்டர் கட்டி மூழ்கியவர்கள் கடைசி மூழ்கலுக்கும் விமானத்துக்கும் நடுவே 24 மணி நேரம் விட வேண்டும். கடல்விமானமும் இதில் சேர்த்தி. ஆகவே கடைசி நாளை மாலேக்கு ஒதுக்குங்கள். 1658-இல் பவளக் கல்லில் கட்டிய பழைய வெள்ளிக்கிழமைப் பள்ளிவாசலின் சுவர்ச் செதுக்கலைப் பார்த்துவிட்டு, பிற்பகலில் படகுகள் திரும்பும் நேரமாக மீன் சந்தைக்குப் போனால், ஆள் உயரத்தில் பாதி இருக்கும் சூரையைச் சில நொடிகளில் துண்டு போடுவதைப் பார்க்கலாம். அரை நாள் போதும்.

இமூகா படிவத்தை வெளியேறும்போதும் மறுபடி நிரப்ப வேண்டும், வரும்போது நிரப்பியது போதாது. மணலில் பொறுக்கிய பவளத் துண்டையும் ஆமை ஓட்டையும் பெட்டியிலிருந்து எடுத்துவிடுங்கள், நாட்டை விட்டுக் கொண்டுபோவது சட்டப்படி குற்றம். காலை விமானம் என்றால் முந்தைய நாள் பிற்பகல் படகிலேயே தீவிலிருந்து கிளம்பிவிடுங்கள். விடியற்காலைப் படகை நம்பி, காற்று மாறிப்போய், விமானத்தை விட்டவர்களுக்குப் படகுக்காரர் பணம் திருப்பித் தருவதில்லை.